சரக்கு சென்னைத் துறைமுகத்தில், ஒப்பந்தத்தில் நீதிமன்றத்தின் பெயரே இல்லை

கேள்வி: 2025 பிப்ரவரி 18, காலை

யாங்கோனில் பயறு ஏற்றுமதி செய்கிறேன். தொழிலுக்குப் புதியவன். நான்கு கண்டெய்னர் உளுந்து, 96 டன், சிஎஃப்ஆர் சென்னை (சென்னை வரை கப்பல் கூலி விற்பவருடையது) என்று விற்றேன். வாங்குபவர் வங்கியில் பணம் கட்டி ஆவணங்களை எடுக்க வேண்டும். கப்பல் போய்ச் சேர்ந்து ஒன்பது நாள் ஆகிறது, இன்னும் எடுக்கவில்லை. "தரம் சரியில்லை, டன்னுக்கு 60 டாலர் குறைத்தால் எடுக்கிறேன்" என்கிறார். கண்டெய்னரைத் திறந்துகூடப் பார்க்காமல் தரம் எப்படித் தெரிந்தது என்று கேட்டால் பதில் இல்லை. தகராறு பற்றி ஒப்பந்தத்தில் ஒரே வரிதான்: "இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்வது." எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும்? எங்கே வழக்குப் போடுவது?

பதில்: 2025 பிப்ரவரி 18, பகல்

தம்பி, வழக்கைப் பற்றி அப்புறம் பேசலாம். அசல் பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் உரிமைத் தாள்) யார் பெயருக்கு எழுதப்பட்டிருக்கிறது? யார் பெயரும் குறிக்காமல் "ஆர்டருக்கு" என்று எழுதி, மூன்று அசல்களும் வங்கியின் கையிலேயே இருந்தால் சரக்கு இன்னும் உங்கள் பிடியில்தான் இருக்கிறது. அந்தத் தாள் இல்லாமல் கப்பல் நிறுவனம் டெலிவரி கொடுக்கக் கூடாது. நேராக வாங்குபவர் பெயருக்கே எழுதியிருந்தால் நிலைமை வேறு, அதை உடனே சொல்லுங்கள்.

தொலைபேசியில் விலை பேசாதீர்கள். "60 முடியாது, வேண்டுமானால் 30" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், விலைக் குறைப்புக்கு நீங்கள் இசைந்ததாகவே அடுத்த மின்னஞ்சல் வரும். இன்றிரவே வாங்குபவருக்கு நீங்கள் இப்படி எழுதுங்கள்: ஆவணங்கள் இன்ன தேதியில் இன்ன வங்கிக்கு வந்துவிட்டன, ஒப்பந்த விலை மாறவில்லை, ஏற்றும்போது சர்வேயர் (சரக்கைச் சோதிக்கும் ஆய்வாளர்) கொடுத்த தரச் சான்று இணைப்பில் இருக்கிறது, இன்ன நாளுக்குள் எடுக்காவிட்டால் வேறொருவருக்கு விற்று நஷ்டத்தை உங்களிடம் கேட்பேன். கடைசி வாக்கியம் வெறும் மிரட்டல் என்று நினைக்க வேண்டாம். பணம் பெறாத விற்பனையாளரின் மறுவிற்பனை உரிமை 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 54ஆம் பிரிவில் இருக்கிறது. முன்னறிவிப்புக் கொடுத்து, நியாயமான அவகாசம் விட்ட பிறகே விற்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

எந்த நாட்டுச் சட்டம் என்று கேட்டீர்கள். உங்கள் விஷயத்தில் அது அவ்வளவு பெரிய கேள்வி இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் இரண்டும் சென்னையில் நடப்பில் உள்ளவை, இங்கே மியன்மாவிலும் நடப்பில் உள்ளவை. 1937 ஏப்ரல் 1 வரை இந்தியாவும் பர்மாவும் ஒரே ஆட்சிக்குள் இருந்தன, பிரிந்த பிறகும் இங்கே அந்தச் சட்டங்களை எடுத்துவிடவில்லை. சர்வதேசச் சரக்கு விற்பனைக்கான 1980ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தில் இந்தியாவும் சேரவில்லை, மியன்மாவும் சேரவில்லை. எனவே எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய ஒரே விதிகள். எங்கே வழக்கு என்பதுதான் பெரிய கேள்வி. அதைத் தனியாக எழுத வேண்டும்.

2025 பிப்ரவரி 18, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். நாள்கணக்கு பாருங்கள். இந்தியச் சுங்கச் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி, இறக்கிய 30 நாளுக்குள் சுங்கம் தீர்த்து எடுக்காத சரக்கை, அறிவிப்புக் கொடுத்துவிட்டு, வைத்திருப்பவர் விற்றுவிடலாம். அதற்கு முன்பே கண்டெய்னர் வாடகை ஏறத் தொடங்கிவிடும். வாங்குபவர் இதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார். பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு லாபம்.

சிஎஃப்ஆர் என்பதால் சென்னை வரை சரக்கின் பொறுப்பு உங்கள் தலையில் என்பதையும் மறக்காதீர்கள்.

2025 பிப்ரவரி 19

நேற்றிரவு எழுதிய கடைசி வரி தவறு. மௌல்மீனிலிருந்து இந்த இழையைப் படிக்கும் அன்பர் சுட்டிக்காட்டினார், அவர் சொல்வதுதான் சரி. சிஎஃப்ஆரில் சென்னை வரை கப்பல் கூலி நம்முடையது. ஆனால் சரக்குக்கு வரும் ஆபத்து யாங்கோனில் கப்பலில் ஏற்றிய நொடியிலேயே வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. கூலி ஓரிடம் வரை, ஆபத்து வேறிடம் வரை. இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருந்தும் அவசரத்தில் இரண்டையும் கலந்துவிட்டேன். இதே குழப்பம் ஒப்பந்தம் போடும் மேசையில் நடந்தால் பணம் போய்விடும், ஆகவே அந்த வரியை அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. அதே சிஎஃப்ஆரில் இறக்குமதி அனுமதி, சுங்கம் எல்லாம் வாங்குபவர் பொறுப்பு. 2017இல் இந்த ஒரு வரி எனக்குத் தெரிந்திருந்தால் 12,000 டாலர் மிச்சமாகியிருக்கும். அந்தக் கதையை நாளை எழுதுகிறேன்.

2025 பிப்ரவரி 21

2017 ஆகஸ்ட். ஆறு கண்டெய்னர், 150 டன் உளுந்து, சிஎஃப்ஆர் சென்னை. பில் ஆஃப் லேடிங் தேதி ஆகஸ்ட் 19. கப்பல் ஆற்று முகத்தைத் தாண்டியிருக்காது, ஆகஸ்ட் 21 அன்று இந்தியா உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சம் டன் என்று இறக்குமதிக்கு உச்சவரம்பு வைத்தது. துவரைக்கு அதே மாதம் 5ஆம் தேதியே 2 லட்சம் டன் என்று அறிவித்திருந்தார்கள். அதைப் பார்த்தும் நான் விழித்துக்கொள்ளவில்லை. யாங்கோனின் பயின்னாங் சந்தையில் அன்று மாலை கமிஷன் கடைகளில் ஒருவரும் விலை சொல்லவில்லை. சாக்குகளின் மேல் உட்கார்ந்து எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வாங்குபவர் மறுநாள் அழைத்தார். "சுங்கம் விடாது. சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், இல்லை என்றால் டன்னுக்கு 80 டாலர் குறையுங்கள், நான் எப்படியாவது எடுக்கப் பார்க்கிறேன்." நான் ஒரு பகல் யோசித்தேன். இரவில் ஒப்புக்கொண்டேன். 150 பெருக்கல் 80.

எனக்குத் தெரியாமல் இருந்தது இது. இந்தியாவின் வெளிநாட்டு வணிகக் கொள்கையில் 1.05 என்று ஒரு பத்தி இருக்கிறது. தாராளமாக அனுமதிக்கப்பட்ட பொருளுக்குத் திடீரென்று கட்டுப்பாடு வந்தால், அந்தத் தேதிக்கு முன்பே கப்பலேறிய சரக்கையும், முன்பே திறந்த மாற்ற முடியாத எல்சியின் (பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) கீழ் வரும் சரக்கையும் பொதுவாக அனுமதிப்பார்கள். என் பில் ஆஃப் லேடிங் இரண்டு நாள் முந்தியது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் "வேண்டாம் ஐயா, ஒப்பந்த விலை" என்று சொல்லியிருக்கலாம். அவர் சரக்கை எடுத்தார், விற்றார். அவர் என்னை ஏமாற்றினார் என்றே இன்று வரை நினைக்கிறேன்.

தம்பியிடம் கேட்டது 60, என்னிடம் 80. எட்டு ஆண்டுகளில் பேச்சு மாறவில்லை.

2025 பிப்ரவரி 22

சென்னையிலிருந்து எழுதும் வழக்குரைஞர் ஐயா ஒரு திருத்தம் தந்திருக்கிறார், நன்றி. 1.05 எப்போதும் காப்பாற்றும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. "வேறுவிதமாகக் குறிப்பிடாவிட்டால்" என்ற சொற்கள் அந்தப் பத்தியிலேயே இருக்கின்றன. அறிவிப்பிலேயே சலுகை இல்லை என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் பேச்சு இல்லை. உயர் நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு வாங்கி, அளவுக் கட்டுப்பாட்டுக்கு மேல் பட்டாணி இறக்கியவர்களின் கதை அதற்குச் சான்று. 2020 ஆகஸ்ட் 26 அன்று உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு செல்லும் என்றது. 2021 ஜூன் 17 அன்று அப்படி இறக்கிய சரக்கை அடியோடு பறிமுதல் செய்ய வேண்டும் என்றது, அபராதம் கட்டி மீட்கவும் வழி இல்லை. இடைக்கால உத்தரவைக் காட்டி "தைரியமாக அனுப்புங்கள்" என்று எவராவது சொன்னால் இந்த இரண்டு தேதிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

2025 பிப்ரவரி 23

தம்பியிடமிருந்து நல்ல சேதி. பில் ஆஃப் லேடிங் "ஆர்டருக்கு" என்றுதான் இருக்கிறது, அசல்கள் வங்கியில். அறிவிப்பு மின்னஞ்சலும் போய்விட்டது.

ஆனால் மறுவிற்பனை என்று நான் எளிதாக எழுதிவிட்டேன், அதில் ஒரு முள் இருக்கிறது. சென்னையிலேயே வேறொருவருக்கு விற்க வேண்டுமானால் கப்பலின் சரக்குப் பட்டியலில் இறக்குமதியாளர் பெயரை மாற்ற வேண்டும். அதற்கு முதல் வாங்குபவரின் ஆட்சேபணையின்மைக் கடிதம் கேட்பார்கள். உங்களை மடக்கி வைத்திருப்பவரிடமே போய்க் கடிதம் கேட்க வேண்டும். அவர் தர மாட்டார், அல்லது கடிதத்துக்கும் விலை சொல்வார். எனவே அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: ஆவணங்களை இத்தனை நாளில் எடுக்காவிட்டால் ஆட்சேபணையின்மைக் கடிதம் கொடுக்க வாங்குபவர் கடமைப்பட்டவர், இந்த வரியையே அந்தக் கடிதமாகக் கொள்ளலாம். சுங்கம் இதை அப்படியே ஏற்கும் என்று வழக்குரைஞர் ஐயா தலையசைக்கவில்லை. ஆனாலும் பின்னால் நடுவர் (நீதிமன்றத்துக்குப் பதிலாக இரு தரப்பும் ஏற்கும் ஆள்) முன் நிற்கும்போது உதவும் என்றார். இதற்காகவே நான் இப்போது முன்பணம் 20 சதவீதம் இல்லாமல் ஒரு மூட்டையும் ஏற்றுவதில்லை. முன்பணம் கொடுத்தவர் சரக்கை விட்டு ஓட மாட்டார்.

2025 பிப்ரவரி 26

இப்போது எங்கே வழக்கு என்பது. இந்த இழையில் நான் சொல்ல வந்ததே இதுதான்.

என் 2017 ஒப்பந்தத்தில் "தகராறு எழுந்தால் யாங்கோன் நீதிமன்றம்" என்று இருந்தது. என் ஊர், என் வழக்குரைஞர், என் மொழி. பெருமையாக எழுதினேன். பிறகுதான் விசாரித்தேன். யாங்கோனில் தீர்ப்பு வாங்கலாம், ஆனால் வாங்குபவரின் குடோனும் வங்கிக் கணக்கும் சென்னையில் இருக்கின்றன. இங்கே அவருக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. இந்தியச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44அ பிரிவு சில நாடுகளின் தீர்ப்பை இந்தியத் தீர்ப்பு போலவே நேராக நிறைவேற்றுகிறது. சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் அந்தப் பட்டியலில் உண்டு. 2020இல் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்தது. மியன்மா அதில் இல்லை. அப்படியென்றால் யாங்கோன் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதை அடிப்படையாகக் காட்டிச் சென்னையில் புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டும். அங்கே 13ஆம் பிரிவின்படி எதிராளி ஆட்சேபணைகளை எழுப்புவார்: அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, எனக்கு முறையாகச் சம்மன் வரவில்லை, விஷயத்தை ஆராய்ந்து தீர்க்கவில்லை. ஒரு சண்டையை இரண்டு முறை போட வேண்டும்.

நடுவர் தீர்ப்பு என்றால், அதை வேறு நாட்டில் நிறைவேற்ற 1958ஆம் ஆண்டு நியூயார்க் ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியா 1960இல் சேர்ந்தது. மியன்மாவில் அது 2013 ஜூலை 15இல் நடைமுறைக்கு வந்தது. 2016 ஜனவரியில் இங்கே புதிய நடுவர் சட்டமும் வந்துவிட்டது. "சரி, யாங்கோனிலேயே நடுவர் என்று எழுதலாம்" என்று நானும் நினைத்தேன். ஆனால் இந்தியாவின் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில், 44ஆம் பிரிவில், ஒரு நிபந்தனை இருக்கிறது. நியூயார்க் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு என்பது மட்டும் போதாது, அந்த நாட்டை இந்திய அரசு கெசட்டில் அறிவித்திருக்க வேண்டும். சிங்கப்பூர் அறிவிக்கப்பட்ட நாடு. அதனால்தான் யாங்கோன்காரரும் சென்னைக்காரரும் உளுந்துக்காகச் சிங்கப்பூரில் போய் உட்காருகிறார்கள்.

எழுதும்போது சொல் பார்த்து எழுதுங்கள். "நடுவர் இருக்கை சிங்கப்பூர்" என்று எழுத வேண்டும். இருக்கை என்பது எந்த நாட்டுச் சட்டத்தின் கண்காணிப்பில் விசாரணை நடக்கிறது என்பது. கூடிப் பேசும் அறை எந்த ஊரிலும் இருக்கலாம், காணொளியிலும் கூடலாம். இரண்டையும் கலந்து எழுதிவிட்டு, எது இருக்கை என்பதற்கே பல ஆண்டுகள் வழக்காடியவர்கள் இருக்கிறார்கள்.

2025 பிப்ரவரி 27

"உளுந்துக்குச் சிங்கப்பூர் கட்டுப்படியாகுமா?" என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. சிங்கப்பூர் சர்வதேச நடுவர் மையத்தின் புதிய விதிகள் இந்த ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கின்றன. அதில் 10 லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு மேற்படாத தகராறுகளுக்குச் சுருக்கமான முறை ஒன்று உண்டு: ஒரே நடுவர், மூன்று மாதத்தில் தீர்ப்பு. நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய வாசல். ஆனாலும் தம்பியின் 5,760 டாலருக்கு அது கட்டுப்படியாகாது, என் 12,000 டாலருக்கும் கட்டுப்படியாகியிருக்காது. அந்த அளவுக்கு எல்சியும் முன்பணமும்தான் துணை. நடுவர் வரி, எதிராளி எல்லை மீறாமல் இருக்க.

2025 மார்ச் 2

தம்பியின் விஷயம் முடிந்தது. இரண்டு கண்டெய்னரை முழு விலைக்கும், மற்ற இரண்டை டன்னுக்கு 15 டாலர் குறைத்தும் எடுத்துக்கொண்டார். 720 டாலர். மறுவிற்பனை அறிவிப்பு போன நான்காம் நாளே பேச்சு மாறியதாம். அந்த 15கூட ஏன் என்று எனக்குக் கோபம்தான். ஆனால் முதல் தொழிலில் ஒருவரிடம் முகம் முறியாமல் வெளியே வந்திருக்கிறார், அதற்கு ஒரு விலை உண்டு. இதற்கு மேல் கோரிக்கை எதுவும் இல்லை என்று வாங்குபவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினீர்களா, தம்பி? வாங்காவிட்டால் ஆறு மாதம் கழித்து "சரக்கில் வண்டு" என்று வருவார்.

2025 மார்ச் 4

எல்சி இருந்தால் நிம்மதி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி நிம்மதி. வங்கி உளுந்தைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறது. எல்சிக்காக 2007 முதல் நடப்பில் உள்ள யூசிபி 600 என்ற சர்வதேச விதிகளில் 5ஆம் விதி அப்படியே சொல்கிறது. தாள்களைப் பார்த்துச் சொல்ல வங்கிக்கு ஐந்து வேலைநாள்.

2014இல் என் எல்சியில் "பர்மா உளுந்து, எஃப்ஏக்யூ, புதிய அறுவடை" என்று இருந்தது. என் அலுவலகத்தில் விலைப்பட்டியல் அடித்த பையன் இங்கே எல்லோரும் சொல்வது போல "மியன்மா பிளாக் மாட்பே" என்று அடித்துவிட்டான். உளுந்து ஒன்றுதான், பெயர்தான் வேறு. வங்கி திருப்பிவிட்டது. விலைப்பட்டியலில் உள்ள சரக்கு விவரம் எல்சியில் உள்ள விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பது 18ஆம் விதி. அது வங்கியின் தவறு இல்லை, என் கவனக்குறைவு. திருத்திய தாள் போய்ச் சேர்வதற்குள் எல்சியின் கெடு முடிந்துவிட்டது. பிறகு வாங்குபவரின் தயவில் பணம் வந்தது.

2025 மார்ச் 5

பெயர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தாத்தா யாங்கோன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். சந்தையில் எடை அளக்கும் "விஸ்" நம் வீசையிலிருந்து போன சொல்தான். பர்மியர் பெய்த்தா என்கிறார்கள். ஆனால் சென்னைப் பட்டணத்து வீசை ஏறக்குறைய 1.4 கிலோ, இங்கத்திய வீசை 1.63 கிலோ. ஒரே சொல் கடல் தாண்டியதும் கால் கிலோ கூடிவிட்டது. ஊரிலிருந்து புதிதாக வந்த ஆள்களுக்குத் தாத்தா முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இதைத்தானாம்.

எஃப்ஏக்யூ என்பதும் இப்படித்தான். "நியாயமான சராசரித் தரம்." யாருடைய சராசரி? யாங்கோனில் இந்தப் பருவத்துச் சராசரியா, சென்னைப் பருப்பு ஆலைக்காரர் மனதில் உள்ள சராசரியா? ஈரப்பதம் இத்தனை சதவீதம், உடைந்தது இத்தனை, கல் மண் இத்தனை, வண்டு அரித்தது இத்தனை என்று எண்ணாக எழுதி, "ஏற்றும் துறைமுகத்தில் சர்வேயர் சான்றே இறுதி" என்று முடித்துவிடுங்கள். தம்பியின் சண்டை முழுவதும் இந்த ஒரு வரி இல்லாததால் வந்தது.

2025 மார்ச் 12

உளுந்துக்கான தாராள இறக்குமதியை 2026 மார்ச் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். நல்லது. ஒவ்வொரு முறையும் நீட்டிப்பு வரும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். ஏப்ரல் தாண்டி ஏற்றும் ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் "இறக்குமதிக் கொள்கை மாறினால் யார் பொறுப்பு" என்று தனியாக எழுதுங்கள். பேசாமல் விட்டால் ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவில் போய் நிற்க வேண்டும். செய்ய முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது அது. ஆனால் லாபம் குறைந்தது, விலை விழுந்தது என்பதெல்லாம் செய்ய முடியாமை ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

2025 மார்ச் 29

நேற்று பகல் நிலநடுக்கம். 7.7 என்கிறார்கள். யாங்கோனில் ஆட்டம் தெரிந்தது, நாங்கள் நலம். மண்டலேயில் என் சின்னம்மா மகன் குடும்பத்தோடு நேற்றிரவு வரை தொடர்பு இல்லை. இன்று விடியற்காலை ஒரே ஒரு குறுஞ்செய்தி வந்தது: "உயிரோடு இருக்கிறோம், வெளியே படுத்திருக்கிறோம்." ஆவாப் பழைய பாலம் ஆற்றில் விழுந்துவிட்டது. இப்போது வேறு எதுவும் எழுத மனமில்லை.

2025 ஏப்ரல் 6

மண்டலேயில் எல்லோரும் இருக்கிறார்கள். வீட்டின் பின்கட்டு போய்விட்டது. விசாரித்த அனைவருக்கும் நன்றி.

தயங்கித் தயங்கி ஒருவர் கேட்டிருந்தார், அவருக்கும் வாழ்க்கை நடக்க வேண்டும்: மண்டலேக் குடோன் இடிந்து பயறு மண்ணோடு போயிற்று, ஏப்ரல் ஏற்றுமதிக்கு ஒப்பந்தம் இருக்கிறது, என்ன செய்வது? முதலில், ஒப்பந்தத்தில் இயற்கைச் சீற்ற வரி இருந்தால் அதில் அறிவிப்புக் கெடு இருக்கும். ஏழு நாள் என்றிருந்தால் அது முடிந்தே போயிருக்கும், ஆனாலும் இன்றே எழுதுங்கள், தொடர்பு இல்லாததைக் காரணமாகச் சொல்லுங்கள். சேதத்தைப் படம் எடுத்து வையுங்கள், கிடைத்தால் வட்டார அலுவலகத்தின் தாளையும் வாங்குங்கள். அடுத்தது கசப்பானது. ஒப்பந்தத்தில் "மண்டலே குடோனில் உள்ள இன்ன சரக்கு" என்று குறித்து எழுதியிருந்தால் அந்தச் சரக்கு அழிந்ததோடு கடமையும் முடிந்தது என்று வாதிடலாம். வெறுமனே "மியன்மா உளுந்து 200 டன்" என்றால் பயின்னாங்கில் வாங்கிக் கொடு என்று எதிராளி கேட்பார், சட்டம் பெரும்பாலும் அவர் பக்கம் நிற்கும். அவருக்கு மனம் இருந்தால் தேதியைத் தள்ளுவார். முதலில் தொலைபேசியில் பேசுங்கள், மின்னஞ்சல் அதன் பின்னால் போகட்டும். தம்பிக்கு நான் சொன்னதற்கு நேர் எதிராகச் சொல்கிறேன், தெரியும். அது ஏமாற்றப் பார்த்த ஆளிடம், இது துயரம்.

2025 ஏப்ரல் 22

இந்த ஆண்டுத் திஞ்சான், பர்மியப் புத்தாண்டு, அமைதியாகப் போயிற்று. விடுமுறையில் பழைய தீர்ப்பு ஒன்றைப் படித்தேன். நடுவர் தீர்ப்பு வந்தால் பணம் வந்துவிடும் என்று தோன்றும்படி நான் எழுதியதற்கு அது எதிர்சாட்சி, மறைப்பது தகாது.

1980இல் இந்தியாவின் விவசாயக் கூட்டுறவு விற்பனை அமைப்பான நாஃபெட், அலிமென்டா என்ற சுவிஸ் நிறுவனத்துக்கு 5,000 டன் நிலக்கடலை விற்க ஒப்புக்கொண்டது. 1,900 டன் போயிற்று. மீதியை அனுப்ப இந்திய அரசு அனுமதி தரவில்லை. லண்டன் நடுவர்கள் 1989இல் அலிமென்டாவுக்கு 46,81,000 டாலர் கொடுக்கச் சொன்னார்கள். வழக்கு டெல்லியில் நடந்து நடந்து, 2020 ஏப்ரல் 22 அன்று, ஐந்து ஆண்டுக்கு முன் இதே நாளில், உச்ச நீதிமன்றம் அதை நிறைவேற்ற முடியாது என்றது. அரசு தடுத்தால் ஒப்பந்தம் ரத்து என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது, தடையை மீறி அனுப்புவது இந்தியப் பொதுக் கொள்கைக்கு விரோதம் என்றது. நாற்பது ஆண்டுகள். இத்தனைக்கும் அதே 2020 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில், அயல்நாட்டு நடுவர் தீர்ப்பில் மிகக் குறைவாகவே தலையிட வேண்டும் என்று சொல்லியிருந்தது.

நாஃபெட் பக்கம் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அரசு அனுமதி தராதபோது அவர்கள் எப்படி அனுப்புவார்கள்? அலிமென்டா பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர்களும் வேறு யாருக்கோ வாக்குக் கொடுத்திருப்பார்கள். கொள்கை மாறினால் ரத்து என்று மட்டும் எழுதாமல், ரத்தானால் முன்பணம் யாருக்கு, கப்பல் செலவு யாருக்கு என்றும் எழுதியிருந்தால் நாற்பது ஆண்டுகள் நாலு மாதமாகியிருக்கும் என்று தோன்றுகிறது.

2025 ஏப்ரல் 24

எந்த நாணயம், எந்த வங்கி என்பதையும் ஒருவர் கேட்டார். சுருக்கமாக: 2022 ஏப்ரல் 3 உத்தரவின்படி வந்த டாலரை ஒரு வேலைநாளுக்குள் அரசு விலையில் மியன்மா நாணயமான சாட்டாக மாற்ற வேண்டியிருந்தது, பிறகு அந்த விதி பல முறை மாறிவிட்டது. 2023 ஜூன் 21 அன்று அமெரிக்கா இங்குள்ள இரண்டு அரசு வங்கிகள் மீது தடை விதித்தது. வழியில் இருந்த பணம் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் நாங்கள் பலர் தவித்தோம். "குறித்த வங்கி வழியே செலுத்த முடியாவிட்டால் இத்தனை நாளுக்குள் இரு தரப்பும் ஒப்பும் வேறு வங்கி வழியே" என்று ஒரு வரி அவசியம்.

2025 மே 10

2017 வாங்குபவர் பற்றி பிப்ரவரி 21 அன்று எழுதியதைத் திருத்த வேண்டும்.

போன வாரம் ஒரு திருமணத்துக்காகச் சென்னை போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலையில் அவர். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு. சாப்பிட்டு எழுந்து வெளியே நின்று பேசினோம். நான் கேட்டுவிட்டேன், "1.05 உங்களுக்கு அப்போதே தெரியும்தானே, அண்ணாச்சி?" அவர் முகத்தைப் பார்த்தேன், அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சுங்கத் தரகர் "விடுவார்களா என்று தெரியாது" என்று சொன்னதை வைத்துக்கொண்டு பயந்திருக்கிறார். பத்தொன்பது நாள் துறைமுகத்தில் கிடந்ததற்கு வாடகை கட்டியிருக்கிறார். நான் குறைத்த 12,000இல் பெரும்பகுதி அதிலேயே போயிற்றாம். வீட்டுக்கு அழைத்துப் போய் ரசீதுகளைக் காட்டினார், அவர் காட்ட வேண்டிய தேவையே இல்லை. ஏமாற்றினார் என்று நான் எழுதியது தவறு. அவரிடமும் சொன்னேன்.

அவருடைய ஒப்பந்தத் தாளும் அந்தக் கோப்பில் இருந்தது. "யாங்கோன் நீதிமன்றம்" என்ற என் வரிக்கு அடியில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார்.

ஜூனில் மூன்று கண்டெய்னர் கேட்டிருக்கிறார். வரைவு நேற்று அனுப்பினேன்: இருக்கை சிங்கப்பூர், ஒரு நடுவர், சுருக்க முறை, முன்பணம் 20, ஏற்றுமதிச் சர்வேயர் சான்று இறுதி, கொள்கை மாறினால் கப்பல் செலவு பாதிப்பாதி. முன்பணத்தை 15 ஆக்கக் கேட்கிறார். மற்றதெல்லாம் சரி என்கிறார். ஆட்சேபணையின்மைக் கடிதத்துக்கான வரியை வழக்குரைஞர் ஐயா ஒருமுறை பார்த்துச் சொன்னால் திங்களன்று கையெழுத்துக்கு அனுப்பிவிடுவேன்.